வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை: கணக்குச் சொல்லும் சுமை யாருடையது?

இராமநாதபுரம் மாவட்டத்தில் சிக்கல், கடலாடி, சாயல்குடி தொடங்கி ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் வரையிலான கடற்கரையில் வெளிநாட்டு வருமானம் என்றாலே வளைகுடாச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். இரண்டு மூன்று தலைமுறையாக அந்தப் பணத்தில் வீடு எழும்பியிருக்கிறது, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து ஒரு வரி அறிவும் இங்கே ஊறியிருக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கு இங்கே வரி கிடையாது, கணக்கும் காட்ட வேண்டியதில்லை என்பதே அது. துபாயிலோ தோகாவிலோ ஆண்டு முழுவதும் வேலை பார்ப்பவரைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ சரி. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. இந்தியச் சட்டப்படி அவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்பதால் அங்கே ஈட்டிய சம்பளத்துக்கு இங்கேயும் வரி இல்லை. ஆனால் இதே மண்ணிலிருந்து இன்று வேறு வகைப் பயணிகளும் கிளம்புகிறார்கள். கடல் உயிரியலிலோ வேதியியலிலோ முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே ஆறு மாதம் ஜெர்மனிக்கும், ஒன்பது மாதம் அமெரிக்காவுக்கும், ஓராண்டு ஜப்பானுக்கும் வருகை ஆய்வாளராகச் செல்லும் இளைஞர்கள் அவர்கள். அவர்கள் பெறுவது சம்பளமா, கல்வி உதவியா என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. வளைகுடா அறிவை அப்படியே அவர்களுக்கும் பொருத்திச் சொல்லும் வீடும், சில இடங்களில் ஆடிட்டர் அலுவலகமும், நல்லெண்ணத்தோடுதான் தவறு செய்கின்றன.

என் வாதம் இதுதான். வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகையை, வரி விழுந்தாலும் விழாவிட்டாலும், வரிக் கணக்கில் தெரிவித்துவிட வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பணம் என்ன வகை என்று தீர்மானிக்கும் சுமையை இருபத்தைந்து வயது ஆய்வாளரின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. பணத்தைத் தரும் நிறுவனமும், அனுப்பும் பல்கலைக்கழகமும், சட்டத்தை எழுதிய அரசும் அதில் தங்கள் பங்கைச் சுமக்க வேண்டும்.

முதலில், வளைகுடாத் தொழிலாளிக்கும் வருகை ஆய்வாளருக்கும் சட்டம் எங்கே பிரிகிறது என்று பார்ப்போம். இந்தியாவில் ஒருவருக்கு எந்த வருமானத்தின் மீது வரி என்பதை அவருடைய குடியுரிமை தீர்மானிப்பதில்லை. அந்த நிதியாண்டில் அவர் எத்தனை நாள் இங்கே இருந்தார் என்பதே தீர்மானிக்கிறது. 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அவர் உள்நாட்டில் வசிப்பவர். அவருடைய உலகளாவிய வருமானம் முழுவதும் கணக்கில் வரும். இதற்கு ஒரு துணை விதியும் உண்டு. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்தவர், இந்த ஆண்டு 60 நாள் இருந்தாலே வசிப்பவராகிவிடுவார். ‘வேலைக்காக’ வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகனுக்கு இந்த 60 நாள் வரம்பு 182 நாளாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. இப்போது இரண்டு பேர் ஆகஸ்ட் 10 அன்று மதுரை விமான நிலையத்திலிருந்து புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 முதல் அன்றுவரை இருவரும் இந்தியாவில் இருந்தது 132 நாள். துபாய் நிறுவனத்தில் வேலைக்குச் சேரப் போகிறவர் அந்த நிதியாண்டு முடிவதற்குள் திரும்பாவிட்டால் வெளிநாடு வாழ் இந்தியர். ஜெர்மன் ஆய்வுக்கூடத்துக்கு உதவித்தொகையில் போகிறவர் மார்ச் வரை அங்கேயே இருந்தாலும், அவர் போனது ‘வேலைக்கு’ என்று சொல்ல முடியாதவரை, சட்டத்தின் சொற்படி உள்நாட்டில் வசிப்பவர். ஒரே நாளில் நாட்டைவிட்டுச் செல்லும் இருவரில், நிலையான சம்பளத்துக்குப் போகிறவருக்குச் சலுகையும் படிக்கப் போகிறவருக்குக் கணக்குச் சுமையும் கிடைப்பது சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. நீதிமன்றங்கள் ‘வேலை’ என்பதை விரிவாகப் பொருள்கொண்டு, சொந்தத் தொழிலுக்காகச் செல்பவரையும் அதில் சேர்த்திருக்கின்றன. ஆய்வுக்காகச் செல்பவரையும் சேர்த்து ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.

வசிப்பவர் ஆகிவிட்டதாலேயே உதவித்தொகைக்கு வரி வந்துவிடும் என்று பதற வேண்டியதில்லை. கல்விச் செலவை ஈடுகட்ட வழங்கப்படும் உதவித்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு முழு விலக்கு அளித்தது. தருவது இந்திய அரசாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை, உச்சவரம்பும் வைக்கவில்லை. ‘கல்விச் செலவு’ என்பது கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல, படிக்கும் காலத்தில் வாழ்வதற்கான செலவும் அதில் அடங்கும் என்ற விரிந்த பார்வையையே உயர் நீதிமன்றங்கள் எடுத்திருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம், பத்தாம் பிரிவில் குவிந்து கிடந்த விலக்குகளை அட்டவணைகளுக்கு மாற்றியிருக்கிறதே தவிர, கல்வி உதவித்தொகைக்கான விலக்கைப் பறிக்கவில்லை. பட்டத்துக்காகப் பதிவுசெய்த மாணவர் விஷயத்தில் இதில் பெரிய ஐயம் எழுவதில்லை. ஐயம் எழுவது அதற்கு அடுத்த படியில். முனைவர் பட்டம் முடித்துவிட்டு, போஸ்ட்டாக் என்று ஆய்வுக்கூடங்களில் அழைக்கப்படும் நிலையில் இருப்பவர் பெறுவது கல்விக்கான உதவியா, செய்யும் வேலைக்கான ஊதியமா? ஊரில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே விடுப்பில் போய் ஆய்வு செய்பவருடைய நிலை என்ன? சட்டத்தில் ‘கல்வி’ என்ற சொல்லுக்குத் தனி வரையறை இல்லாததால் ஒவ்வொரு வழக்கும் அந்தந்த உத்தரவுக் கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்து முடிவாகிறது.

அந்த வாசகம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு அமெரிக்காவே நல்ல சான்று. அங்கே உதவித்தொகைக்கான விலக்கு பட்டப் படிப்பில் பதிவுசெய்தவருக்கு மட்டும்தான். அவருக்கும் கட்டணம், புத்தகம் போன்றவற்றுக்குச் செலவிட்ட அளவில்தான். சில மாதங்களுக்கு வந்து ஆய்வு செய்துவிட்டுத் திரும்பும் வருகை ஆய்வாளர் அங்கே பட்டத்துக்குப் பதிவு செய்வதில்லை. ஆகவே அங்குள்ள நிறுவனம் தரும் வாழ்க்கைச் செலவுத் தொகை வரிக்குரியது. வருகை ஆய்வாளர்கள் பெறும் ஜே-1 விசாவில் இருப்பவருக்குத் தரும் தொகையில் 14 விழுக்காட்டை நிறுவனம் முன்கூட்டியே பிடித்துவிடும்; மாதம் 2,000 டாலர் என்றால் 280 டாலர். அதே ஆய்வாளரைப் பல்கலைக்கழகம் ஊழியராகச் சேர்த்து, அதே பணத்தை ஊதியமாகத் தந்தால் நிலைமை தலைகீழ். 1989இல் கையெழுத்தாகி 1990இல் நடைமுறைக்கு வந்த இந்திய–அமெரிக்க இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, கற்பிக்கவோ ஆய்வு செய்யவோ செல்பவரின் ஊதியத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு அமெரிக்க வரியிலிருந்து விலக்கு தருகிறது. ஆக, அமெரிக்காவில் ஊதியம் என்றால் விலக்கு, உதவித்தொகை என்றால் பிடித்தம். இந்தியாவில் நேர்மாறாக, உதவித்தொகை என்றால் விலக்கு, ஊதியம் என்றால் வரி. ஒரே ஆய்வாளர், ஒரே மேசை, ஒரே வேலை. எந்த நாட்டில் எவ்வளவு வரி என்பது பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் ஒருவர் எந்தத் தலைப்பின் கீழ் அந்தப் பணத்தைப் பதிந்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. இதை அறியாமல் அகப்பட்டுக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். வருகை இரண்டு ஆண்டைத் தாண்டினால், தாண்டிய காலத்துக்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே விலக்கு போய்விடும் என்பது அமெரிக்க வரித் துறை தன் வெளியீட்டில் சொல்லும் நிலைப்பாடு. இருபத்து மூன்றாம் மாதத்தில் பேராசிரியர் மகிழ்ச்சியோடு ஓராண்டு நீட்டிப்பு தருகிறார். ஆய்வாளரும் மகிழ்ச்சியோடு ஏற்கிறார். அந்தக் கையெழுத்து இரண்டு ஆண்டு வரியைப் பின்னோக்கி எழுப்பும் என்பதை நீட்டிப்புக் கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. விலக்குக் கோருவதற்கான 8233 படிவம், வருமானமே இல்லாவிட்டாலும் தர வேண்டிய 8843 படிவம், ஆண்டு முடிவில் பல்கலைக்கழகம் தரும் 1042-எஸ் சான்று, தாக்கல் செய்ய வேண்டிய 1040-என்ஆர் கணக்கு என்று அங்கே படிவங்கள் தனியாக வரிசைகட்டுகின்றன. கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திரும்பப் பெறவும் அந்த 1040-என்ஆர் கணக்குதான் வழி. நாடு திரும்பிவிட்டோம், இனி எதற்கு என்று அதைத் தாக்கல் செய்யாமல் விடுபவர் தன் சொந்தப் பணத்தையே விட்டுவிட்டு வருகிறார். ஜெர்மனியும் பிரிட்டனும் இதில் இளகியவை. ஜெர்மானிய வருமான வரிச் சட்டம் ஆய்வையும் பயிற்சியையும் வளர்க்கும் உதவித்தொகைக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. பிரிட்டனில் முழுநேரக் கல்வி பெறுபவரின் உதவித்தொகைக்கு வரி இல்லை. இப்படி நாட்டுக்கு நாடு மாறும் ஒன்றை, சிக்கலிலோ கமுதியிலோ முதல் தலைமுறையாகக் கல்லூரி கண்ட குடும்பத்திலிருந்து போகும் ஆய்வாளர் தானாகவே தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

இங்கே ஒரு மறுப்பு எழும். தொகை சிறியது, காலம் குறுகியது, இதற்கு இவ்வளவு ஆரவாரம் தேவையா என்று கேட்பார்கள். தொகை சிறியது என்பது உண்மை. மாதம் 2,000 டாலர் வீதம் ஆறு மாதம் பெற்றாலும் இந்திய மதிப்பில் பத்து, பதினோரு லட்சம் ரூபாய்தான். அதை ஊதியம் என்றே கொண்டாலும், வேறு வருமானம் இல்லையென்றால், 2025–26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் கழிவினால் வரி ஒன்றும் இராது. ஆனால் வரி இல்லை என்பதும் தெரிவிக்க வேண்டியதில்லை என்பதும் ஒன்றல்ல. உள்நாட்டில் வசிப்பவர், அதிலும் சாதாரணமாக இங்கேயே வசிப்பவர், வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு வைத்திருந்தாலே வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். உதவித்தொகை வரவு வைக்க அந்த நாட்டில் கணக்குத் தொடங்காத ஆய்வாளர் அரிது. திரும்பி வரும்போது அதை மூடாமல் வருபவரும் பலர். அந்தக் கணக்கை ஷெட்யூல் எஃப்.ஏ. என்ற வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணை சம்பளக்காரர்கள் வழக்கமாக நிரப்பும் எளிய ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் இல்லை, ஐ.டி.ஆர்.-2க்குப் போக வேண்டும். மற்ற வருமானமெல்லாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றால், இந்த அட்டவணை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டைக் கேட்கிறது. படித்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்ற காலமும் போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. அமெரிக்காவோடு தனி உடன்பாடும் இருக்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 நவம்பரில் இந்த விவரங்களைக் கொண்டு ஒரு நினைவூட்டல் இயக்கம் நடத்தியது. அதன் விளைவாக 24,678 பேர் தங்கள் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்தார்கள். 29,208 கோடி ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டுச் சொத்துகளும் 1,089 கோடி ரூபாய் வெளிநாட்டு வருமானமும் வெளிவந்தன. 2025 நவம்பரில் மீண்டும் அதே இயக்கம். இவர்களில் பெரும்பான்மையினர் ஆய்வாளர்கள் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனால் விவரங்களைச் சலிக்கும் கணினிக்கு முதலீட்டாளரின் கணக்கும் ஆராய்ச்சி மாணவரின் கணக்கும் ஒன்றுதான். 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் வெளிநாட்டுச் சொத்தைத் தெரிவிக்காததற்குப் பத்து லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கிறது. முன்பு, ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வங்கி இருப்பைத் தவிர, சொத்தின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் தண்டம் அதே பத்து லட்சமாக இருந்தது. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் அந்தத் தண்டம் இல்லை என்று தளர்த்தினார்கள். நல்ல திருத்தம். ஆனாலும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அப்படியே நிற்கிறது. தண்டம் நீங்கியதைக் கடமை நீங்கியதாக எண்ணிக்கொள்வது ஆபத்து.

விலக்குப் பெற்ற பணத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவருக்கு என் பதில், அது ஆய்வாளரின் பாதுகாப்புக்குத்தான் என்பது. வரிப்படிவத்திலேயே விலக்குப் பெற்ற வருமானத்துக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் உதவித்தொகையைக் காட்டிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து அந்தச் சேமிப்பில் ஊரில் ஒரு மனை வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். விடை தெரியாமல் திணறுவது பெரும்பாலும் நேர்மையானவர்கள்தான். மறைக்க நினைப்பவர் அதற்கான காகிதத்தை முன்பே தயாரித்து வைத்திருப்பார்.

ஆனால் கடமையைப் பற்றி மட்டும் பேசி நிறுத்துவது பாதிப் பேச்சு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1963இல் நாசாவுக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, நாட்டின் விண்வெளித் திட்டமே அவரை அனுப்பியது. இன்று போகும் ஆய்வாளர் பெரும்பாலும் தானே விண்ணப்பித்து, தானே தேர்வாகி, தனி ஆளாகப் போகிறார். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் தொடக்க காலத்தில் இருந்தது இதே மாவட்டத்தின் மண்டபத்தில்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உலகின் எந்தக் கடலியல் ஆய்வுக்கூடத்துக்கும் அக்கறைக்குரியவை. இந்தக் கடலைப் படித்தவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பு வருவது இனிக் கூடுமே தவிரக் குறையாது. அதே இராமநாதபுரத்தைத்தான் மத்திய அரசு வளர்ச்சிக்கு முன்னுரிமை தேவைப்படும் மாவட்டங்களின் பட்டியலில் 2018இல் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை இதுவும் விருதுநகரும் மட்டும்தான். அறிவு வளமும் வழிகாட்டுதல் வறட்சியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த இடைவெளியை அடைக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. உதவித்தொகை உத்தரவுக் கடிதத்தோடு ஒரு பக்கம் சேர்த்தால் போதும். இந்தத் தொகை எதற்காக, பெறுபவர் பதிலுக்கு ஏதேனும் பணி செய்யக் கடமைப்பட்டவரா, எந்த நாட்டில் எவ்வளவு பிடித்தம், எந்த ஒப்பந்தப் பிரிவு பொருந்தும் என்று அதில் எழுதித் தரலாம். தருகிறவருக்கு இவை அனைத்தும் தெரியும், பெறுகிறவர்தான் ஊகித்துக்கொண்டிருக்கிறார். தமிழகப் பல்கலைக்கழகங்களோ ஆய்வாளரை அனுப்பும்போது தடையின்மைச் சான்று தருவதோடு தங்கள் வேலை முடிந்ததாக எண்ணுகின்றன. அந்தச் சான்றைத் தரும் நாளிலேயே அரை மணி நேரம் உட்காரவைத்து இதை விளக்க ஒரு பொறுப்பாளர் இருக்கலாம்.

வரித் துறையின் பங்கு இன்னும் முக்கியமானது. பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வும் ‘கல்வி’யில் அடங்கும், அதற்குத் தரப்படும் உதவித்தொகை விலக்குக்கு உரியது என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். உடனே எழும் எதிர்ப்பு, கதவை இப்படித் திறந்துவிட்டால் நிறுவனங்கள் சம்பளத்தையே உதவித்தொகை என்று பெயர் மாற்றித் தரும் என்பது. இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. பயிற்சி ஊழியருக்கான ‘ஸ்டைபண்ட்’ என்ற பெயரில் உள்நாட்டிலேயே அது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து முடிவு செய்வதால்தான் இந்தத் தந்திரம் பலிக்கிறது. பெறுபவருக்கும் தருபவருக்கும் முதலாளி–ஊழியர் உறவு உண்டா, தராவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமை உண்டா, ஆய்வின் பயன் பொதுவுக்கா தனி நிறுவனத்துக்கா என்று தன்மையைப் பார்க்கும் அளவுகோலைச் சுற்றறிக்கையிலேயே வைத்தால், ஏய்ப்பவர் வெளியேறுவார், ஆய்வாளர் உள்ளே நிற்பார். இந்திய–அமெரிக்க ஒப்பந்தமே, ஆய்வு தனியாரின் ஆதாயத்துக்காகச் செய்யப்பட்டால் விலக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறது. அளவுகோல் கைவசம் இருக்கிறது; எடுத்துப் பயன்படுத்துவதுதான் பாக்கி.

கடைசியாக, ஏற்கெனவே சொல்லாமல் விட்டுவிட்டவர்களின் நிலை. கடந்த நான்கு ஆண்டுகள் வரை புதுப்பித்த கணக்குத் தாக்கல் செய்யலாம் என்று 2025இல் காலத்தை நீட்டினார்கள். ஆனால் அந்த வழி கூடுதல் வரி கட்ட வேண்டியவருக்குத்தான். உதவித்தொகைக்கு வரியே இல்லாத ஆய்வாளர், விட்டுப்போன வங்கிக் கணக்கைத் தெரிவிக்க மட்டும் அதைப் பயன்படுத்த முடியாது. வரி ஏய்த்தவருக்குத் திரும்பி வர வழி இருக்கிறது, எதையும் ஏய்க்காமல் ஓர் அட்டவணையை மட்டும் நிரப்பாமல் விட்டவருக்கு இல்லை. 2026–27 நிதிநிலை அறிக்கை இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வெளிநாட்டுச் சொத்தைத் தெரிவிக்கத் தவறிய மாணவர்கள், இளம் பணியாளர்கள் போன்ற சிறு வரிசெலுத்துவோருக்காக ஆறு மாத ஒருமுறைத் திட்டத்தை நிதியமைச்சர் முன்மொழிந்தார். மாணவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே முன்னேற்றம்தான். ஆனால் ஆறு மாதத்தில் முடிகிற சாளரம் அடுத்த ஆண்டு கிளம்பும் ஆய்வாளருக்கு உதவாது. வரி ஏதும் எழாதவர் கட்டணமின்றித் தன் பழைய கணக்கைத் திருத்த ஒரு நிரந்தர வழியைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வுக்காகச் செல்பவருக்கும் 182 நாள் வரம்பே பொருந்தும் என்ற ஒரு வரியையும் அதனுடன் சேர்க்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித் திட்டங்கள் நடத்தும் தமிழ்நாடு அரசு, அயலகத் தமிழர் நலனுக்கென ஒரு துறையையே வைத்திருக்கிறது. வளைகுடாத் தொழிலாளருக்கு வழிகாட்டும் அந்தத் துறை, ஆய்வாளருக்கும் நாடுவாரியாக, தமிழில், படிவ எண்களோடு ஒரு கையேட்டை வெளியிட்டு, ஆண்டுதோறும் ஜூலைத் தாக்கலுக்கு முன் அதைப் புதுப்பித்துத் தந்தால், கடலாடியில் இருக்கும் ஆடிட்டருக்கும் அதுவே கைநூலாக இருக்கும்.